விரால் மீனும் ஊர் ஏரியும்

நம் ஊர் ஏரி குளங்களில் வாழும் மீன்களுள் விராலுக்குத் தனி மதிப்பு உண்டு. சந்தையில் உயிரோடு விற்பனையாகி நல்ல விலை பெறும் மீன் இது. ஆயினும் இதன் இயல்பை அறியாமல் பிடிப்போமானால், ஏரியில் இதன் வித்தே அற்றுப்போகும். ஆகவே விராலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

உணவு

விரால் புலால் உண்ணும் மீன். பாசிக்கும் கொடிக்கும் இடையே அசையாமல் கிடந்து, அருகில் வரும் சிறு மீன், தவளை, தலைப்பிரட்டை, இறால், பூச்சி ஆகியவற்றைத் திடீரெனப் பாய்ந்து பிடிக்கும். உணவு குறைந்தால் தன் இனத்துச் சிறு மீன்களையும் விழுங்கும். எனவே கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் குளத்தில் விரால் இருத்தல் ஆகாது. குஞ்சு விடுவதற்கு முன்பே வலையிட்டு அதனை நீக்கிவிட வேண்டும். கெண்டை இனங்களை வளர்க்கும் குளம் வேறு, விரால் வாழும் ஏரி வேறு எனப் பிரித்துக்கொள்வது நலம்.

மூச்சும் உயிர்வன்மையும்

விராலின் தலையில் காற்றைச் சுவாசிக்கும் அறை ஒன்று உண்டு. அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உட்கொள்ளும். வலைக்குள் சிக்கி மேலே வர இயலாவிட்டால், நீரிலேயே மூச்சடைத்து இறந்துவிடும். கோடையில் ஏரி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, மழைக்குக் காத்திருக்கும்.

குஞ்சு காத்தல்

மழை பெய்து புதுநீர் வரும்போது, விரால் இணை கரையோரப் புற்களை விலக்கி இடம் அமைத்து முட்டையிடும். முட்டைகள் நீரில் மிதக்கும். ஓரிரு நாளில் பொரிக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரியும். தாய் தந்தை மீன்கள் அருகிலிருந்து பல நாள் காவல் புரியும். கூட்டத்தை எது நெருங்கினாலும் சீறிப் பாயும். இதை அறிந்தவர்கள், அவ்விடத்தில் தவளை கோத்த தூண்டிலை இழுத்துக் காவல் மீனை எளிதில் பிடித்துவிடுகின்றனர். ஒரு மீன் கைக்கு வரும். காவலற்ற குஞ்சுகளோ பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். ஒரு வேளைக் குழம்புக்காக மறு ஆண்டின் விளைச்சலை இழப்பது சிக்கனமாகுமா?

பிடித்தலும் சமைத்தலும்

கோடையில் நீர் குறைந்தபின் ஊத்தா, கச்சா, தூண்டில் ஆகியவற்றால் பிடிப்பதே நம் ஊர்களின் பழைய வழக்கம். மேல்தோலின் வழுவழுப்பைச் சாம்பல் அல்லது கல்லுப்பு இட்டுத் தேய்த்துப் போக்கலாம். சதையில் முள் குறைவாதலால் குழந்தைகளுக்கும், நோயுற்றுத் தேறுவோர்க்கும் ஏற்றது. புளிக்குழம்பிற்கும் வறுவலுக்கும் சிறந்தது. எவ்வாறு சமைப்பினும் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

மீன்பாசிக் குத்தகை விடும் பஞ்சாயத்துகள் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். குஞ்சு காக்கும் விராலைப் பிடிக்கலாகாது. ஏரியை அடியோடு இறைத்து வற்றச் செய்யாமல், ஆழமான மடு ஒன்றை விட்டுவைக்க வேண்டும். சிறு மீன் சிக்கினால் மீண்டும் நீரிலேயே விட வேண்டும். விதைநெல்லைக் காக்கத் தெரிந்த உழவருக்கு இவற்றை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஏரி மீனும் ஊரின் விதைநெல்லே ஆகும்.