பைபாஸுக்கு முன்னும் பின்னும்: துணைக்கு இருப்பவர் நம்பக் கூடாதவை

நெஞ்சுவலி வந்தவரைச் சுற்றிப் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் மனைவிக்கோ கணவனுக்கோ கிடைப்பது ‘தைரியமா இரு’ என்ற ஒன்றுதான். தைரியம் இருந்தால் நல்லது. ஆனால் டாக்டர் கேட்பது வேறு: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? நம் வீடுகளில் கணவரின் மாத்திரை மனைவிக்கு மனப்பாடம். மனைவியின் மாத்திரைப் பெயர் எத்தனை கணவர்களுக்குத் தெரியும் என்று கேட்டால் சங்கடம்தான்.

‘வாயுப் பிடிப்புதான், சோடா குடிச்சா சரியாயிடும்’

பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு பல சமயம் நெஞ்சைப் பிடிக்கும் வலியாக வருவதில்லை. மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத வியர்வை, அசதி என்று வரும். ‘ஒண்ணுமில்ல, கேஸ்தான்’ என்று சொல்லிவிட்டு அடுப்பு வேலையை முடித்த பிறகுதான் மனைவி படுப்பாள். அந்த ஒரு நேரம் அவள் பேச்சை நம்பாதீர்கள், 108-ஐ அழையுங்கள். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனால், வழியில் சாய்ந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

தொடர்ந்து பலமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டு தவறாமல் ஒரு செய்தி சுற்றும். பொதுமக்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பரிந்துரைப்பதில்லை. நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டவரால் இருமவும் முடியாது. அவருக்கு வேண்டியது உங்கள் கைகள்: நெஞ்சின் நடுவில், 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை.

‘ஈசிஜி நார்மல், வீட்டுக்குப் போகலாம்’

முதல் ஈசிஜி சில மாரடைப்புகளில் சரியாகவே இருக்கும். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையில் தெரியவும் சில மணி நேரமாகலாம். அதனால்தான் இரண்டையும் திரும்ப எடுக்கிறார்கள். ‘இன்னொரு தடவை பார்க்கணுமா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

‘இத்தனை நாள் படுக்க வைப்பது பில் ஏற்றத்தான்’

மாரடைப்பு வந்த அன்று அவசரப்படுத்துகிறார்கள். ஆஞ்சியோவில் அடைப்புகளைப் பார்த்துவிட்டு, பைபாஸுக்கு ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். சந்தேகம் வராமல் என்ன செய்யும்? காரணம் பெரும்பாலும் முதல் நாள் கொடுத்த மாத்திரையில் இருக்கிறது. தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். அது முதல் டோஸ். இதில் குளோபிடோக்ரெல் ரத்தத்தை உறைய விடாது. உயிரைக் காத்த அதே குணம் ஆபரேஷன் மேசையில் ரத்தப்போக்காகிவிடும். ஆகவே அவசரமில்லை என்றால் அதை நிறுத்தி 5 நாளாவது விடுகிறார்கள். எதை, எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அந்த ஒரு வாரத்தில்தான் உறவினர் யாராவது இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் கலந்த பாட்டிலோடு வருவார். ‘ஆபரேஷனே வேண்டாம், அடைப்பு கரைஞ்சுடும்.’ கரையாது. ரத்தக்குழாய்ச் சுவரில் வருடக்கணக்காகப் படிந்து சுண்ணாம்பு ஏறிய கொழுப்பு அது. பச்சைப் பூண்டு அளவுக்கு மிஞ்சினால் ரத்தம் உறைவதும் தாமதமாகும். ஆபரேஷனுக்கு முன் டாக்டர்கள் நிறுத்தச் சொல்வார்கள். வந்தவர் மனம் நோகாமல் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

‘அவர்கிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவார்’

தெளிவாக இருக்கும் நோயாளியின் நெஞ்சைத் திறக்க அவருடைய சம்மதம் வேண்டும். கையெழுத்துப் போடப்போகிறவருக்குத் தெரியாமல் எத்தனை நாள் மறைப்பீர்கள்? பயந்தால் மன்மோகன் சிங்கைச் சொல்லுங்கள்: 1990-ல் ஒரு பைபாஸ், 2009 ஜனவரியில் இன்னொன்று, அதே ஆண்டு மே மாதம் மறுபடி பிரதமர். 2024-ல் மறைந்தபோது வயது 92. இந்தியாவின் முதல் பைபாஸே சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் செய்ததுதான். நமக்குப் புதிய சிகிச்சை ஒன்றும் இல்லை.

‘தாலியைக் கழற்றக் கூடாது’

வெட்டு விழுவது நடு நெஞ்சில். ரத்தத்தை நிறுத்தும் மின்கருவி பயன்படும் இடத்தில் உலோகம் இருந்தால் தோல் பொசுங்கலாம். கயிறு என்றால் கிருமி. நர்ஸ் நூறு முறை சொன்னாலும் கேட்காதவர், ‘நானே பத்திரமா வச்சிருக்கேன், கழற்று’ என்று கணவர் சொன்னால் கேட்பார். மாமியார் சொன்னால் இன்னும் நல்லது.

‘கூப்பிட்டால் பேசவில்லை, ஏதோ ஆகிவிட்டது’

ஐசியூவில் முதல் பார்வை பலரை உலுக்கிவிடும். வாயில் வென்டிலேட்டர் குழாய், நெஞ்சிலிருந்து வடியும் குழாய்கள், உப்பிய முகம். குழாய் இருக்கும்வரை யாராலும் பேச முடியாது. அதை எடுத்தபின் குரல் கரகரக்கும். சிலர் இரண்டொரு நாள் குழம்பிப்போய், ‘இவங்க என்னைக் கொல்லப் பார்க்கிறாங்க’ என்றுகூடச் சொல்வார்கள். வயதானவர்களிடம் இது அதிகம். பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். வாதாடாதீர்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று மெதுவாகச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியும் காது மிஷினும் அவர் கைக்கு எட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

‘மூன்று மாதம் கட்டிலை விட்டு எழக் கூடாது’

படுத்தே கிடந்தால் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். ஒன்றிரண்டு நாளிலேயே எழுப்பி நடக்க வைப்பது அதற்காகத்தான். ஜாக்கிரதை வேண்டியது கம்பியால் கட்டிய மார்பெலும்புக்கு. அது சேர 6 முதல் 8 வாரமாவது ஆகும். அதுவரை தண்ணீர்க் குடத்தையோ பேரனையோ தூக்கக் கூடாது. கையைப் பிடித்து இழுத்து எழுப்பவும் கூடாது, முதுகைத் தாங்குங்கள். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுங்கள்.

இனி தாம்பத்தியமே கூடாது என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தது. இதை டாக்டர் தானாகப் பேசுவது அபூர்வம், நம்மவர்களும் கேட்பதில்லை. மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறவருக்கு, எலும்பு சேர்ந்தபின் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் வயாகரா வகை மாத்திரையோடு, நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். ஆகவே அடுத்த செக்கப்பில், கதவைச் சாத்திக்கொண்டாவது, இதைக் கேட்டுவிடுங்கள்.