காதைத் தொடவிடாத ஷிட்சூ

நாயின் காதில் புளித்த மாவு வாடை வந்தால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தெருமுனை பால் பூத்தில் ஒண்டியிருந்த ஷிட்சூவைத் தூக்கியதும் முதலில் மூக்கில் ஏறியது அதுதான். சிக்குப் பிடித்த முடியும் விரலிடுக்கு உண்ணியும் அப்புறம்தான் கண்ணில் பட்டன. கழுத்தில் பட்டை இருந்த தடம். செலவு கையைக் கடித்ததும் யாரோ இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். வளர்ப்பு நாயைப் பட்டினிக்கு விட்டுப்போவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் வைத்த அபராதம் முதல் முறைக்கு அதிகபட்சம் 50 ரூபாய், யார் பயப்படுவார்கள்?

வலிக்கிற காதைத் தொட்டால் எந்த நாயும் கடிக்கத்தான் பார்க்கும். துண்டைப் போர்த்தித் தூக்குங்கள். பல்லோ நகமோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போய்விட வேண்டும். சின்ன நாய்தானே என்ற சலுகை ரேபீஸிடம் கிடையாது. வீட்டில் வேறு நாய் இருந்தால் இதற்குத் தனி அறை. காதுப்பூச்சி சுலபமாகத் தொற்றும்.

"தேங்காயெண்ணெயைக் காய்ச்சி ரெண்டு சொட்டு விடு தம்பி" என்றார் எதிர்வீட்டு அத்தை. மருந்துக்கடையில் கேட்காமலே ஒரு சொட்டு மருந்தை நீட்டினார்கள். இரண்டுமே வேண்டாம். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக மடங்குகிறது. அழுக்கும் ஈரமும் அந்த மடக்கில்தான் தங்கும். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்காமல் ஜென்டாமைசின் போன்ற மருந்தை விட்டால், அது உள்ளே இறங்கிக் காது கேட்பதையே கெடுத்துவிடலாம். எண்ணெய் விட்டால் டாக்டரால் உள்ளே பார்க்கவே முடியாது.

எங்கள் டாக்டர் பஞ்சில் அழுக்கை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பழுப்புப் பிசுக்கு, ஈஸ்ட் என்றார். கருப்பாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பெரும்பாலும் பூச்சி. ஆனாலும் நிறத்தை வைத்து நாமே மருந்து வாங்கக் கூடாது.

சுத்தம் செய்வதை அவரே காட்டிக்கொடுத்தார். நாய்க் காதுக்கான கிளீனரைக் காது நிறைய ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து பிசைய வேண்டும். சளக் சளக்கென்று சத்தம் வந்தால் கை சரியான இடத்தில் இருக்கிறது. அப்புறம் விட்டுவிடுங்கள், தலையை உதறும். சுவரெல்லாம் தெறிக்கும், பழைய சட்டையோடு, முடிந்தால் பாத்ரூமில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும். இயர்பட்ஸ் அழுக்கை மடக்குக்குள் தள்ளிவிடும். உதறலை நாள்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டால் காது மடலில் ரத்தம் கட்டி வீங்கும். அதற்கு ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம்.

அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் மறுபடி பார்த்துச் சொல்லட்டும். திரும்பத் திரும்ப வந்தால் சிக்கல் காதில் இல்லை, அலர்ஜியில் இருக்கலாம். எங்கள் வீட்டில் இன்னும் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது.

டாக்டரிடம் போன கையோடு நாய்க்கு மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 'என் நாய்' என்று யார் வந்தாலும் பழைய போட்டோவையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் கேளுங்கள். என்னிடம் வந்தவர் எடுத்துவருவதாகச் சொல்லிப் போனார், ஆளையே காணோம்.