உலக முடிவுக்கு ஒன்பது மணிக்கு முன்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரையான உயரத்தில், 3,160 ஹெக்டேயர் பரப்பில் விரிந்து கிடக்கிறது ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா. மகா எலிய, அதாவது பெரிய வெளி என்பது சிங்களத்தில் அதன் பழைய பெயர். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த றொபேர்ட் வில்மொட் ஹோர்ட்டனின் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்த மேட்டிலிருந்து நீர் போகிறது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளில் கை வைக்கக் கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் சொன்ன ஆலோசனைக்கு, சமவெளி தேயிலைத் தோட்டமாகாமல் தப்பியதில் பெரும் பங்கு உண்டு. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது.

நீண்ட வார இறுதியில் வான் பிடித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடி வருவது இந்த வரலாற்றையல்ல, உலக முடிவு என்ற ஒரே இடத்தை. சமவெளியின் தெற்கு விளிம்பு அங்கே சட்டென்று முறிந்து சுமார் 870 மீற்றர் கீழே விழுகிறது. காலை ஏழரை மணிக்கு அந்த விளிம்பில் நின்றால், அடியிலுள்ள தேயிலைத் தோட்டத்தின் லயன் தகரங்கள் வெயிலில் மின்னுவது தெரியும். பத்தரை மணிக்கு அதே இடத்தில் நின்றால், முகத்துக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு வெள்ளைத் திரை தொங்கும். அவ்வளவு தூரம் வந்து திரையை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம்.

இதற்குக் காரணம் அதிர்ஷ்டமல்ல. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தங்கிவிடுவதால் விடியற்காலையில் விளிம்பு தெளிவாக இருக்கும். வெயில் ஏறியதும் தாழ்நிலத்துக் காற்று சூடாகி, ஈரத்தையும் சுமந்துகொண்டு பாறைச்சுவரை ஒட்டி மேலே வருகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்பை எட்டும்போது மேகமாகிவிடுகிறது. ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பெரும்பாலும் இது நடந்து முடிந்துவிடும். ஆகவே ஹோர்ட்டன் சமவெளிப் பயணத்தை ஒன்பது மணியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் திட்டமிட வேண்டும். எத்தனை கிலோமீற்றர் நடை என்பது இரண்டாவது கணக்கு.

பூங்காவின் வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து சுமார் 32 கிலோமீற்றர். வளைவும் ஏற்றமுமான பாதை என்பதால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். போயா (பௌர்ணமி) தினம் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்து மூன்று நாள் விடுமுறை வாய்த்தால், நுழைவுச்சீட்டு வரிசை விடியுமுன்பே நீளத் தொடங்கும். அப்படிப்பட்ட நாளில் நாலரைக்குக் கிளம்பினாலும் நடை தொடங்க ஏழாகிவிடும். விடுதிக்காரர் காலைச் சாப்பாட்டை ஏழரைக்கு வைப்பதாகச் சொன்னால், அந்தச் சாப்பாட்டை விட்டுவிடுவதே லாபம். முதல்நாள் இரவே ரொட்டியும் சம்பலும் கட்டி வாங்கிக்கொள்ளலாம். பூங்காவுக்கு அருகிலுள்ள பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ தங்கினால் ஒரு மணி நேரத் தூக்கம் மிஞ்சும். ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும்போது, இந்த ஊர்களில் தங்குவது மட்டுமே புத்திசாலித்தனம்.

கட்டி எடுத்துப் போகும் சாப்பாட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பூங்காவுக்குள் பொலித்தீனுக்கு அனுமதியில்லை. நடை தொடங்கும் இடத்தில் ஊழியர்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பொதியைப் பிரித்து உள்ளதைக் காகிதப் பைக்கு மாற்றுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். பத்துப் பேர் கொண்ட குடும்பம் ஒன்று பத்துப் பைகளையும் திறந்து, மிக்சர் எங்கே, டொபி எங்கே என்று கிளறிக்கொண்டு நிற்கும்போது இருபது நிமிடம் கரைந்துபோகும். வாழையிலையிலோ மூடியுள்ள டப்பாவிலோ சாப்பாட்டை வீட்டிலேயே கட்டி, லேபிளையும் முன்பே உரித்துவிட்டவர்கள் பையைத் திறந்து காட்டிவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவார்கள். பாதையில் கடை எதுவும் இல்லை என்பதால் தண்ணீரையும் நடை தொடங்குமுன்பே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவர்களை உண்மையில் ஏமாற்றுவது குளிர்தான். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய ஆறரைப் பாகை வெப்பம் குறையும். கொழும்பின் 27 பாகையிலிருந்து 2,100 மீற்றர் ஏறினால் மிஞ்சுவது 13 பாகை. பூங்காவின் ஆண்டுச் சராசரியும் அதுவே. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும். தடித்த ஒரே சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வருவது பலரும் செய்யும் தவறு. முதல் அரைமணியில் நடுங்குவார்கள், அடுத்த அரைமணியில் வியர்ப்பார்கள், கழற்றி இடுப்பில் கட்டினால் விளிம்புக் காற்றில் மறுபடி நடுங்குவார்கள். மெல்லியதாக இரண்டு, அவற்றின் மேல் காற்றும் மழையும் புகாத அங்கி ஒன்று என்று அடுக்கிக்கொண்டால் தேவைப்படி கழற்றிப் போடலாம். ஜீன்ஸ் நனைந்தால் அந்த நாள் முழுக்கக் காயாது. குளிரை நம்பித் தொப்பியை மறந்தவர்களின் மூக்கும் கழுத்தும் மாலையில் எரியும்; உயரத்தில் புறஊதாக் கதிர் அதிகம்.

நடை ஃபார் இன் என்ற பழைய வேட்டை விடுதிக்கு அருகில் தொடங்குகிறது. இப்போது அது பார்வையாளர் நிலையம். வட்டப்பாதையின் நீளம் சுமார் ஒன்பதரைக் கிலோமீற்றர். நிதானமாக நடந்தால் மூன்றரை, நான்கு மணி நேரம். சிறிது தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை சிறிய உலக முடிவுக்கும் அங்கிருந்து பெரிய உலக முடிவுக்கும் போகிறது. மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. இரண்டும் கடைசியில் சந்திப்பதால் எதில் போனாலும் ஒன்றுதான் என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். தூரத்தைப் பொறுத்தவரை அது உண்மை, மேகத்தைப் பொறுத்தவரை இல்லை. விளிம்பை முதலில் பார்த்து, நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 20 மீற்றர் உயரமான அந்த நீர்வீழ்ச்சிக்கு மூடுபனி ஒரு குறையே அல்ல, வெயிலில் பார்ப்பதைவிட அழகாகவே இருக்கும். அதற்கு இறங்கும் படிகளில் வேர்களும் வழுக்குக் களிமண்ணும் உண்டு. மழை பெய்த மறுநாள் வழுவழுப்பான அடியுள்ள சப்பாத்துடன் இறங்குகிறவர் உட்கார்ந்தபடியே இறங்கும்படி ஆகும்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு வேகத்தைத் தீர்மானிக்கும் ஆள் கடைசியில் வருபவர். இளைஞர்கள் முன்னால் பாய்ந்து விளிம்பில் காத்திருக்கலாம் என்று பிரிந்துபோவதுண்டு. மூடுபனி இறங்கினால் இருபதடிக்கு அப்பால் ஆள் தெரியாது, கைப்பேசியையும் நம்ப முடியாது. அப்படிப் பிரிவதானால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று முன்பே பேசிவைக்க வேண்டும்.

விளிம்பில் செய்யக் கூடாதது ஒன்றுதான்: பின்பக்கமாக அடி வைப்பது. 2015 பெப்ரவரியில் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் உலக முடிவில் தவறி விழுந்தார். கீழே வளர்ந்திருந்த மரம் தாங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் இறங்கித்தான் அவரை மேலே கொண்டுவந்தார்கள். படமெடுப்பவரும் படத்தில் நிற்பவரும் முதலில் இடம் பார்த்து நின்றுகொண்டு, பிறகு கைப்பேசியை எடுத்தால் போதும். சிறு பிள்ளைகளின் கையை விளிம்புக்கு நூறடி முன்பே பிடித்துவிட வேண்டும்.

விலங்குகளில் எளிதில் கண்ணில் படுவது மரை. தமிழ்நாட்டில் இதையே கடமான் என்பார்கள். வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து கார்க் கண்ணாடியில் மூக்கை வைக்கும் அளவுக்குச் சில பழகிவிட்டன. அப்படிப் பழக்கியது முன்பு வந்தவர்கள் நீட்டிய தின்பண்டங்கள்தான். காட்டு விலங்குக்குத் தீனி போடுவது தடைசெய்யப்பட்டது. கொம்புள்ள கிடா கையருகே நிற்பது ஆபத்தும்கூட. சிறுத்தை உண்டு, காண்பது அரிது. யானைகள் வேட்டைக் காலத்தோடு இந்த மேட்டிலிருந்து போய்விட்டன. கண்ணைத் தாழ்த்தி மரத்தண்டுகளைப் பார்த்து நடக்கிறவர்களுக்கு, மூக்கில் கொம்புள்ள சிறு ஓணான் ஒன்று அசையாமல் ஒட்டியிருப்பது தெரியக்கூடும். உலகில் இலங்கை மலைநாட்டில் மட்டுமே வாழும் இனம் அது. பறவை பார்ப்பவர்கள் பட்டிப்பொலப் பக்கத்து வீதியோரமுள்ள அரெங்கா குளத்தில் விடியும் நேரத்தில் நின்று, இலங்கைக்கே உரிய சீட்டிக் குருவிக்காகக் காத்திருப்பார்கள். அதுவும் வேண்டும் உலக முடிவும் வேண்டும் என்றால் ஒரே காலையில் நடக்காது. பறவைக்கு நல்ல நேரமும் விளிம்புக்கு நல்ல நேரமும் ஒன்றே.

காலத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று ஆளைத் தள்ளும்; ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை ஏறக்குறைய நிச்சயம், மண்சரிவால் வீதியும் ரயில் பாதையும் அடைபடுவதும் உண்டு. தெளிவான மாதங்களில் காய்ந்த புல் எளிதில் தீப்பற்றும். அணைக்காத ஒரு சிகரெட் போதும்.

மூன்று நாள் கையில் இருப்பவர்கள் உலக முடிவை இரண்டாம் நாள் காலைக்கு வைத்துக்கொள்வது வழக்கத்தில் பலன் தந்த ஏற்பாடு. முதல் நாள் பயணக் களைப்பிலேயே போய்விடும். ஹக்கல தாவரவியல் பூங்காவும் சீதா எலிய சீதையம்மன் கோவிலும் நுவரெலியாவுக்கு அருகிலேயே இருப்பதால் அந்தப் பிற்பகலுக்குப் போதும். இரண்டாம் நாள் மேகம் முந்திக்கொண்டால் மூன்றாம் நாள் காலை ஒன்று கையிருப்பில் இருக்கும். முந்திக்கொள்ளாவிட்டால், அந்த மூன்றாம் காலையைத் தொட்டுபொல மலைக்குக் கொடுக்கலாம். இலங்கையின் மூன்றாவது உயரமான மலை அது, 2,357 மீற்றர். பட்டிப்பொல வீதியிலிருந்தே ஏறத் தொடங்கலாம்; வீதியே உயரத்தில் போவதால் ஏற்றம் குறைவு. இரண்டாவது உயரமான கிரிகல்பொத்த 2,388 மீற்றர். வித்தியாசம் 31 மீற்றர்தான் என்றாலும் அதற்கு ஃபார் இன்னிலிருந்து போய்வர ஒரு முழுநாள் வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

வாகனம் இல்லாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. கொழும்பு–பதுளைப் பாதையில் ஒஹிய நிலையத்தில் இறங்கினால் பூங்கா சுமார் 11 கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். அதை விடியற்காலையில் நடந்து ஒன்பது மணிக்குள் விளிம்பைப் பிடிப்பது முடியாத காரியம். மேலே போக முச்சக்கரவண்டியை முதல்நாளே பேசிவைக்க வேண்டும். இறங்கும்போது நடக்கலாம். காடும் வளைவுமாக இரண்டரை மணி நேரம், கால் முட்டி கொஞ்சம் முணுமுணுக்கும். ரயில் பிந்தி வருவது இந்தப் பாதையில் சாதாரணம் என்பதால் நிலையத்தருகே ஒரு பிளேன்டிக்கும் நேரம் கிடைக்கும்.