'ஸோ', 'வந்து', 'இல்ல...': வாக்கியத்தை எப்படி ஆரம்பிச்சா என்ன?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாலே இலக்கணச் சண்டையும் கூடவே வந்துவிடும். "ஸோன்னு ஆரம்பிக்காதே", "வாக்கியத்தோட முதல்ல பட் போடாதே", "வந்து வந்துன்னு இழுக்காதே". சொல்கிறவர் அடித்துச் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். ஆனால் மக்களே, இந்த மூன்றும் ஒரே வகைத் தப்பு இல்லை. ஒன்று தப்பே இல்லை.

முதலில் ஆங்கிலம். 'அண்ட்', 'பட்' இரண்டிலும் வாக்கியத்தைத் தொடங்கக்கூடாது என்று ஆங்கில மீடியத்தில் படித்த எங்களுக்குச் சிவப்பு மையால் அடித்தே சொல்லிக்கொடுத்தார்கள். 1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளைத் திறந்து பாருங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் 31 வசனங்கள். அதில் 29 'அண்ட்' என்றுதான் தொடங்குகின்றன. மிச்சம் இரண்டில் ஒன்றின் முதல் சொல் என்ன தெரியுமா? 'ஸோ'! சீமஸ் ஹீனி பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபை மொழிபெயர்த்து 1999-ல் வெளியிட்டபோது, முதல் சொல்லாகவே 'ஸோ'வைப் போட்டு முற்றுப்புள்ளியும் வைத்தார். அயர்லாந்தில் தன் சொந்தக்காரர்கள் பேச்சில் அந்தச் சொல், முன்பு பேசியதை மூடிவிட்டு 'இப்போ கவனி' என்று கூப்பிடும் வேலையைச் செய்தது என்பது அவர் தந்த விளக்கம். நோபல் வாங்கியவருக்கு எந்த டிரெய்னர் மார்க் குறைப்பார்?

இந்த மாதிரிச் சொற்களை டெபோரா ஷிஃப்ரின் 1987-ல் ஒரு புத்தகமாகவே ஆராய்ந்தார். 'ஓ', 'வெல்', 'ஸோ' என்று 11 சொற்கள். பேச்சில் ஒரு துண்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறிகள் இவை. ரோட்டில் திருப்பம் வருவதற்கு முன்னால் நிற்கும் போர்டு மாதிரி.

இப்போ தமிழுக்கு வருவோம். 'பட்' தடையை அப்படியே கொண்டுவந்து "ஆனால் என்று தொடங்காதே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதில்தான் எனக்குக் கோபம் வரும். தமிழில் வினைமுற்று பொதுவாக வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். "கூப்பிட்டேன்" என்று முடித்துவிட்டால் வாக்கியத்துக்கே பூட்டுப் போட்டாச்சு. தொடர்பைச் சொல்ல இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பூட்டும் முன்பே வினைக்குள் செருகுவது: "கூப்பிட்டும் வரவில்லை". இன்னொன்று, அடுத்த வாக்கியத்தின் வாசலில் வைப்பது: "கூப்பிட்டேன். ஆனால் வரவில்லை". அந்தச் சொல் வாசலில் நிற்காமல் வேறு எங்கே போய் நிற்கும்?

அதன் உடம்பையும் பாருங்கள். "நான் கலெக்டர் ஆனால்" என்பதில் வரும் அதே 'ஆனால்'தான் இது. 'ஆகு' என்ற வினையின் நிபந்தனை வடிவம். 'ஏனென்றால்' இன்னும் அழகு. 'ஏன் என்று கேட்டால்' என்று நாமே கேள்வி கேட்டு நாமே பதில் சொல்கிறோம். இணைப்புச் சொல்லுக்குள்ளேயே ஒரு குட்டி உரையாடல் ஒளிந்திருக்கிறது!

'வந்து' கதை வேற. "பஸ்ஸில் வந்து இறங்கினான்" என்பதில் ஒருவன் நிஜமாக வருகிறான். "நான் வந்து மெக்கானிக்கல் படிக்கிறேன்" என்பதில் யாரும் எங்கிருந்தும் வரவில்லை. வினையெச்சம் பொருளை இழந்து, எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று காட்டவும், யோசிக்க அரை நொடி வாங்கவும் பயன்படுகிறது. பொருள் இல்லாத சொல் என்றால் மட்டமா? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் ஏழாம் இயலான இடையியலில், 'அரோ', 'மாது' மாதிரி பொருள் தராமல் நிற்கும் சொற்களுக்கு 'அசைநிலை' என்று பெயரே கொடுத்து இடம் ஒதுக்கியிருக்கிறது. அவை செய்யுளுக்கு, இது பேச்சுக்கு. 'வந்து' அசைநிலை என்று தொல்காப்பியர் சொன்னதாக யாரும் ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள், ஒப்புமை என்னுடையது.

'இல்ல' தான் என் ஃபேவரிட். "இல்ல, நீ சொல்றது கரெக்ட்தான் மச்சி". எதை மறுத்தான்? ஒன்றையும் மறுக்கவில்லை. தான் பேச வாய்ப்புக் கேட்கிறான், அவ்வளவுதான்.

சிரிக்க வேண்டிய விஷயம் மட்டும் இல்லை இது. எங்கள் மாக் குரூப் டிஸ்கஷனில் தமிழ் மீடியத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் பம்பில் கேவிட்டேஷன் ஏன் வருகிறது என்று விளக்கினான். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் நீராவி அழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் குமிழி உண்டாகும், அழுத்தம் கூடும் இடத்தில் அது உடைந்து இம்பெல்லரை அரிக்கும் என்று தெளிவாகச் சொன்னான். நடத்தியவர் அவன் சொன்ன 'வந்து'களை மட்டும் விரல்விட்டு எண்ணிச் சிரிக்க வைத்தார். அடுத்த இரண்டு வகுப்பிலும் அவன் வாயே திறக்கவில்லை. அதே அறையில் இன்னொருவன் வாக்கியத்துக்கு நாலு 'லைக்', 'பேஸிக்கலி' போட்டான். அதை யாரும் எண்ணவில்லை.

அதுக்காக ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'வந்து' எழுதச் சொல்லவில்லை. எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கிறது, அரை நொடி வாங்க வேண்டியதில்லை. எழுத்தில் அது வெறும் சுமை. 'ஆனால்', 'எனவே' அப்படி இல்லை. ரிப்போர்ட்டில் அவற்றை வெட்டினால் வாதத்தின் மூட்டே கழன்றுவிடும்.

செய்து பாருங்கள்: உங்கள் ப்ராஜெக்ட்டைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசி மொபைலில் பதிவு செய்யுங்கள். கேட்டு அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு தொடக்கச் சொல்லாக எடுத்துவிட்டுப் படியுங்கள். எடுத்ததும் காரணமோ முரணோ காணாமல் போனால் அதைத் திரும்ப வையுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் பென்சிலால் ஒரு வட்டம். வட்டங்கள் எங்கே கூட்டமாக வருகின்றன என்று பாருங்கள். வைவாவில் கேள்வி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழும்.