கோமாளி மீன் வளர்ப்பு: முதலில் தொட்டி, பிறகே மீன்

கடல்நீர்த் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்படும் மீன்களில் பெரிதும் விரும்பப்படுவது கோமாளி மீன். கடலோரப் பகுதிச் சிறு விவசாயிகள் இதனை உபதொழிலாக மேற்கொள்ளலாம். ஆனால் தொட்டி பக்குவப்படுமுன் மீனை விட்டால் போட்ட முதல் சில நாட்களிலேயே வீணாகும்.

இனங்கள்

கோமாளி மீனில் ஏறத்தாழ 30 இனங்கள் உள்ளன. மன்னார் வளைகுடாவில் காணப்படும் செபே இனம் கருமை நிற உடலும் இரண்டு வெண்பட்டைகளும் கொண்டது. ஆசெல்லாரிஸ், பெர்குலா இனங்கள் ஆரஞ்சு நிறத்தில் மூன்று வெண்பட்டைகளுடன் இருக்கும். புதியவர்களுக்குச் சாதுவான ஆசெல்லாரிஸ் ஏற்றது. மெரூன் இனம் சண்டைக் குணம் உடையது.

தொட்டி தயாரித்தல்

ஒரு ஜோடிக்கு 100 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி போதும். தூய கடல்நீரை வடிகட்டி நிரப்ப வேண்டும். சமையல் உப்பைக் கரைத்து ஊற்றக் கூடாது. உப்பின் அளவு லிட்டருக்கு 30 முதல் 35 கிராம், வெப்பநிலை 26 முதல் 28 டிகிரி செல்சியஸ், கார அமில நிலை 8.0 முதல் 8.4 வரை இருத்தல் நலம்.

வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுவதை விவசாயிகள் அறிவர். தொட்டியிலும் இதுவே நடக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கொடிய நஞ்சு. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடாமல், தினமும் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் இட்டு, வடிகட்டியையும் காற்றுக் கருவியையும் இடைவிடாது இயக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் உயர்ந்து, பின் பூஜ்யத்திற்கு இறங்கியதைச் சோதித்தறிந்த பிறகே மீன் விடுக.

ஜோடி சேர்த்தல்

கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அது இறந்தால் ஆண் பெண்ணாகிவிடும். எனவே அளவில் வேறுபட்ட இரண்டு இளம் மீன்களை வாங்கினால் ஜோடி தானே அமையும். ஓட்டுத் துண்டின் மீது இடும் முட்டைகளை ஆண் மீனே காக்கும். சுமார் ஒரு வாரத்தில், இரவில், குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கு ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர் உணவு தேவை. ஆகவே பயிற்சி பெறாமல் குஞ்சு வளர்ப்பில் இறங்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

* சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே, நாளைக்கு இருவேளை தீவனம் இடுக.
* ஆவியாகிக் குறையும் நீருக்கு நன்னீரே ஊற்றுக. கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறும்.
* வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக.
* வடிகட்டியைத் தொட்டி நீரிலேயே அலசுக. குழாய் நீரில் கழுவினால் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மடியும்.
* கடலில் இம்மீன் கடல் சாமந்தியில் வாழ்ந்தாலும், தொட்டியில் அது அவசியமில்லை. மண்பானைத் துண்டு போதும்.
* பவளப்பாறையை உடைத்தெடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடலில் பிடித்தவற்றைவிடப் பொரிப்பகக் குஞ்சுகளே தொட்டி வாழ்வுக்கு எளிதில் பழகும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் இவற்றின் இனப்பெருக்கத்தில் அனுபவம் மிக்கது. அங்கு ஆலோசனை கேட்கலாம். முதலில் ஒரு ஜோடியை ஓராண்டு வளர்த்துப் பழகி, விற்பனை வாய்ப்பையும் விசாரித்த பின் தொட்டிகளைப் பெருக்குவது நலம்.