ஊரை எழுப்புவது எப்படி? ஹிவ்ரே பஜார் தரும் பாடம்

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)



சர்வே எடுப்போம், டிராயிங் போடுவோம், எஸ்டிமேட் தயாரிப்போம். மூன்று வருடமாக நாம் கற்றது இதுதான். நாளைக்கு நம்மில் சிலர் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராகவோ, காண்டிராக்டரிடம் சைட் இன்ஜினியராகவோ போவோம். நலிந்துபோன ஓர் ஊரைச் சீர்படுத்தத் திட்டம் போடச் சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது? லெவலிங் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா? இதற்கு விடை தேடியபோதுதான் மகாராஷ்டிர மாநிலத்து ஹிவ்ரே பஜார் கிராமத்தைப் பற்றிப் படித்தேன்.

பழைய நிலை

அகமதுநகர் மாவட்டம் (இப்போது அகில்யாநகர்) மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. ஹிவ்ரே பஜாரில் ஆண்டு மழை சுமார் 400 மி.மீ. மட்டுமே. 1972 பஞ்சத்தையொட்டி ஊர் நொடிந்தது. மலை மொட்டையானது, மண் அரித்தது, கிணறுகள் வற்றின. பலர் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள். மிஞ்சியது குடியும் அடிதடியும். அந்த ஊருக்கு மாற்றல் என்றாலே அரசு ஊழியர்கள் தண்டனையாக நினைத்தார்களாம்!

1989-இல் எம்.காம். படித்த இளைஞரான பொபட்ராவ் பவார் ஊர்த்தலைவரானார். அவருடைய திட்டத்தை நான் மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

படி 1: நம்பிக்கை

எடுத்த எடுப்பில் அணை கட்டவில்லை. பள்ளிக்கூடத்தைச் சீர்செய்தார்கள், சாராயக் கடைகளை மூடினார்கள். எல்லா வீட்டுக்கும் பொதுவான தேவையில் கை வைத்ததால், ‘இவர் சொன்னால் நடக்கும்’ என்ற எண்ணம் வந்தது. முடிவுகளைக் கிராம சபையில் எல்லோருமாக உட்கார்ந்து எடுத்தார்கள்.

படி 2: வேலை

1994-இல் மாநில அரசின் முன்மாதிரி கிராமத் திட்டத்தில் ஊர் சேர்ந்தது. மலைச்சரிவில் சம உயரக் கோட்டிலேயே பள்ளம் தோண்டினார்கள். ஓடி வரும் தண்ணீர் அங்கே நின்று, மண்ணில் இறங்கும். ஓடைகளில் தடுப்பணை, மலையில் மரக்கன்று. அரசுப் பணத்தோடு ஊராரின் இலவச உழைப்பும் சேர்ந்தது. நாம் படிக்கும் காண்டூர் மேப்புக்கு இதைவிட நல்ல உபயோகம் உண்டா?

படி 3: கணக்கும் கட்டுப்பாடும்

என்னைக் கவர்ந்தது இதுதான். பாசனத்துக்கு போர்வெல் கூடாது. கரும்பும் வாழையும் கூடாது. மரம் வெட்டவும் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்க்கவும் தடை. இவற்றை விதித்தது கலெக்டர் அல்ல, கிராம சபை. வருடாவருடம் மழையை அளந்து, தண்ணீருக்கு பட்ஜெட் போடுகிறார்கள். மனிதருக்கும் மாட்டுக்கும் முதலில், அப்புறம்தான் பயிருக்கு. ஒரு பகுதி நிலத்தடியில் சேமிப்பு. மழை குறைந்தால் அடுத்த போகத்தின் பரப்பும் குறையும்.

அந்தக் கணக்கை நாமும் போடலாம், கஷ்டமே இல்லை. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். ஊரின் பரப்பு சுமார் 976 ஹெக்டேர். 400 மி.மீ. மழைக்கு ஏறத்தாழ 390 கோடி லிட்டர்! 1,250 பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் வருடம் முழுக்கக் கொடுத்தாலும் 2.5 கோடி லிட்டர்தான், அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியும் ஊர் வறண்டு கிடந்ததென்றால், மழையில் பெரும்பகுதி ஆவியாகவும் ஓடையிலும் போயிற்று, தங்கியதையும் வரைமுறையில்லாமல் இறைத்தார்கள் என்றுதானே அர்த்தம்? முதல் கோளாறுக்குப் பள்ளமும் தடுப்பணையும் மருந்து. இரண்டாவதுக்கு ஊர்க் கட்டுப்பாடுதான் மருந்து.

பலன்? 1995-இல் 180 குடும்பங்களில் 168 வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. பின்னாளில் அந்த எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும்படி ஆனது. வெளியூர் போன குடும்பங்கள் திரும்பி வந்தன. பால் முக்கிய வருமானமாயிற்று. 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பொபட்ராவுக்குக் கிடைத்தது.

நமக்கு என்ன பாடம்?

எங்கள் ஊர் ஏரியையும் சில வருடங்களுக்கு முன் தூர் வாரினார்கள். கரையும் மதகும் நன்றாகத்தான் கட்டினார்கள். ஆனால் வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பைப் பற்றி யாரும் ஊரைக் கூட்டிப் பேசவில்லை. அடுத்த மழைக்கு ஏரிக்குத் தண்ணீரே வரவில்லை. மதிப்பீட்டுத் தொகை எழுதிய போர்டு மட்டும் பளிச்சென்று நிற்கிறது. அங்கே குறைந்தது சிமெண்ட் அல்ல, முதல் படியும் மூன்றாம் படியும்.

ஆகவே நண்பர்களே, எஸ்டிமேட் எழுதுமுன் மூன்று கேள்வி கேட்போம். இந்த வேலையை ஊரில் யார் கேட்டார்கள்? முடிந்தபின் யார் பராமரிப்பார்கள்? கிடைக்கும் தண்ணீரை எந்த விதிப்படி பங்கிடுவார்கள்?

அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சுவருக்கு வெள்ளையடிப்பதோடு நிற்காமல், அந்த ஊரின் தண்ணீர்க் கணக்கையும் போட்டுக் கொடுப்போமே. நேரான பக்கங்கள் கொண்ட ஒரு டின்னும் ஸ்கேலும் இருந்தால் மழையை அளந்துவிடலாம். கணக்கை நோட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் கிராம சபையில் வாசித்துக் காட்டுவோம். ஊர் கூடினால்தானே தேர் நகரும்!