தோல் பார்த்த கை

ஆம்பூரில் ஒரு டேனரியில் இருபத்தாறு வருடமாகத் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறேன். ஆட்டுத்தோலை விரித்து விரல் நுனியால் ஒரு தடவு தடவினால் போதும். எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த தழும்பு, எங்கே ரத்தக்குழாய் ஓடிய தடம் என்று சொல்லிவிடுவேன். தடம் அதிகமாகத் தெரிந்தால் அந்தத் தோல் ஒரு தரம் கீழே போகும். என் கையிலேயே அப்படி ஒரு தடம் விழும் என்று நினைத்ததில்லை.

பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் முடிந்ததும் எட்டு சுற்று கீமோ: 21 நாளுக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸ், அதோடு இரண்டு வாரம் மாத்திரை. ஆக்ஸாலிபிளாட்டின் பிளாட்டினத்தில் செய்த மருந்து. ஜப்பானில் நகோயாவில் 1976-ல் உருவானது. டேனரியில் குரோம் தோலின் நாரைப் பிடித்துக்கொள்கிறதே, அதுபோல இந்த பிளாட்டினம் செல்லுக்குள் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு பெருகவிடாமல் செய்கிறது. இப்படித்தான் எனக்கு நானே புரியவைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் வென்ஃப்ளானை, அதாவது டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாயை, புறங்கையில் போட்டார்கள். அரை மணி நேரத்தில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல வலி. வாய் திறக்கவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்தாலும் முணுமுணுக்காமல் நின்ற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். கீமோ என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

இரண்டாம் சுற்றில் என் முகத்தைப் பார்த்தே சிஸ்டர் நின்றுவிட்டார். "வலிக்குதுன்னா சொல்லணும் ஐயா. நீங்க சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?" ஊசி இருந்த இடத்தை அழுத்திப் பார்த்தார், வீக்கம் இல்லை. குழாயில் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்தார், வந்தது. மருந்து வெளியே கசியவில்லை, ரத்தக்குழாயின் உள்சுவரைத்தான் உறுத்துகிறது என்றார். டாக்டரைக் கேட்டு, இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டியதை நான்கு மணி நேரமாக்கினார். முன்கையில் துணி சுற்றிய சூட்டுப்பை வைத்தார். வலி பாதியாகக் குறைந்தது. முதல் தடவையே சொல்லியிருக்கலாமே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று கற்றுக்கொண்டதை எல்லாரிடமும் சொல்கிறேன். கை முழுக்க இழுக்கும் வலி வேறு. ஊசி இருக்கும் இடத்தில் திடீரென்று எரிச்சல், உப்பல், தோல் இறுக்கம், சொட்டு நின்றுபோவது வேறு. இரண்டாவது வந்தால் ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது. நாமாகவே வென்ஃப்ளானைப் பிடுங்கவும் கூடாது. டிரிப்ஸை நிறுத்திவிட்டு, கசிந்த மருந்தை அதே குழாய் வழியாகத்தான் முதலில் உறிஞ்சி எடுக்கப் பார்ப்பார்கள்.

பக்கத்துக் கட்டிலில் பேர்ணாம்பட்டு அக்கா ஒருவர், ஷூ கம்பெனியில் தையல் வேலை. மார்புக் கட்டிக்குச் சிவப்பு மருந்து ஏறியது. ஒருநாள் அவர் கை லேசாக வீங்க, ஐஸ் ஒத்தடம் கொடுத்தார்கள். என் கையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "அண்ணா, நீங்களும் வெச்சுக்குங்க" என்று ஐஸ் பையை நீட்டினார். சிஸ்டர் ஓடிவந்து தடுத்தார். சிவப்பு மருந்து கசிந்தால் குளிர்ச்சி. என் மருந்துக்குக் குளிர்ச்சி ஆகவே ஆகாது. நரம்பு சுண்டி இழுக்கும், விரல் மரக்கும், ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல இருக்கும். ஒருவருக்குக் கேட்ட வைத்தியம் அடுத்த கட்டிலுக்குச் செல்லாது. உங்கள் மருந்தின் பெயரைச் சொல்லி, சூடா, குளிர்ச்சியா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நான் வைத்தியம் பார்த்த வேலூர், டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஊர். இன்று வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். நமக்கோ ஐம்பது கிலோமீட்டர்தான். டிரிப்ஸ் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறோம். மார்கழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த அன்று, பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் கை மரக்கட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி உறைபோல மாட்டிக்கொண்டேன். சித்திரை வெயிலிலும் மாட்டினேன், யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று.

முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் நிறையக் குடிப்பேன். ஊசி போடும் முன் கையை வெதுவெதுப்பான துண்டில் பத்து நிமிடம் சுற்றி வைப்பேன். ரத்தக்குழாய் எடுப்பாகத் தெரியும், ஒரே குத்தில் முடியும். புறங்கை வேண்டாம், முன்கையில் போடுங்கள் என்று கேட்பேன். போன தடவை எந்தக் கை, எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் குறித்துக் காட்டுவேன். அந்தப் பேர்ணாம்பட்டு அக்காவுக்கு மட்டும் கையை மாற்றும் வழியில்லை. அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் உப்பு ஒத்தடம் என்றால் ஒரு எச்சரிக்கை. மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். என் மனைவி தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு வைப்பாள்.

நான்காம் சுற்றோடு இடது முன்கையில் ரத்தக்குழாய் கயிறுபோல விறைத்துவிட்டது. டாக்டர் போர்ட் வைக்கலாம் என்றார். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் சிறு டப்பி. அதிலிருந்து போகும் குழாய் நெஞ்சருகே பெரிய ரத்தக்குழாயில் முடிகிறது. நெஞ்சில் எதையோ புதைக்கிறார்கள் என்று பயந்து ஒரு சுற்றைத் தள்ளிப்போட்டேன். வைத்த பிறகு கைவலி அறவே இல்லை. ஊசி போட ரத்தக்குழாய் கிடைப்பது கஷ்டம் என்றால் போர்ட் பற்றி முதல் சுற்றிலேயே கேளுங்கள்.

கயிறு விறைப்பு மெல்ல இறங்கிவிட்டது. விரல் நுனி மரமரப்பு இன்னும் போகவில்லை. மேசைக்குத் திரும்பிவிட்டேன், இப்போது தோலைக் கண்ணால்தான் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்கும் பையனைக் கூப்பிடுகிறேன். அவன் தடவிப் பார்த்துச் சொல்கிறான்.